மடியில் கட்டிய கடிகாரம்

என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில், பழைய ரேஷன் அட்டைகளுக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் அடியில், ஒரு கைக்கடிகாரம் கிடக்கிறது. வெள்ளை முகப்பு, பச்சை ரேடியம் பூசிய முட்கள், எவர்சில்வர் மூடி. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. பார்க்கிறவர்கள் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்பார்கள். பத்திரமெல்லாம் ஒன்றுமில்லை. அதை நான் ஒரு நாளும் கையில் கட்டியதில்லை. என்னிடம் வந்த நாளிலிருந்து அது இருந்த இடம் என் வேட்டி மடிதான். கைக்குட்டையில் சுற்றி, இடுப்பில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அதோடு ஏழு வாரம் சைக்கிள் மிதித்தேன். சாவி கொடுத்தால் இன்றைக்கும் ஓடுகிறது. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் சாவி கொடுக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சிவகாசிக்கு வெளியே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் அறை என் பொறுப்பு. அச்சாபீஸிலிருந்து கட்டுக் கட்டாக வரும் லேபிள் தாள்களை எண்ணி வாங்க வேண்டும், ஒட்டுகிற பெண்களுக்கு எண்ணிக் கொடுக்க வேண்டும், கிழிந்ததையும் அழுக்கானதையும் எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். ஒரு தாள் குறைந்தால் எவனோ நம் படத்தை ஒட்டிக் கள்ளப்பெட்டி விற்கப் போகிறான் என்று அர்த்தம். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது சுலபமாக வந்தது. யாராவது காரணமில்லாமல் சிரித்தால் நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிற சுபாவம் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஊரும் அதற்குத் தோதாக இருந்தது. ஒரு கம்பெனியில் புது நிறத்தில் பெட்டி வந்தால் பத்து நாளில் இன்னொரு கம்பெனியிலும் வரும். யார் போய்ச் சொன்னது என்று ஆள் தேடுவார்கள். இரண்டு கம்பெனி ஆட்கள் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால்கூட மறுநாள் விசாரணை இருக்கும்.

எங்கள் கம்பெனியில் குச்சியின் தலைக்கு வைக்கிற மருந்தைக் கலக்கியவரை மருந்து மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். நான் அண்ணாச்சி என்பேன். நாற்பதை நெருங்கிய வயது. ஒல்லியான உடம்பில் கெண்டைக்கால் மட்டும் திரண்டு இருக்கும். மருந்து அறை மற்றக் கொட்டகைகளிலிருந்து தள்ளி, தனியாக ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. பொறி பறந்துவிடும் என்பதால் அதற்குள் இரும்பு போகக் கூடாது. அவர் வாசலிலேயே நின்று இடுப்பிலிருந்த சைக்கிள் சாவியை எடுத்து வெளியே மாட்டுவார், செருப்பைக் கழற்றுவார், காலைக் கழுவுவார், பிறகுதான் உள்ளே போவார். உள்ளே போன ஆள் வேறு ஆள். கையைத் தூக்குவதும் வைப்பதும் அவ்வளவு மெதுவாக இருக்கும். மர அகப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றால் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். அந்த வேலையில் அவசரப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவருடைய மெதுவை யாரும் கேலி செய்ததில்லை. அவர் மருந்துக்கு ஒரு பெயர் இருந்தது. அடைமழைக் காலத்தில் மற்றக் கம்பெனிக் குச்சிகள் நமுத்துப் போய்த் தலை உதிரும். எங்கள் குச்சி உரசிய உடனே பிடிக்கும். எதை எவ்வளவு சேர்க்கிறார் என்பது அவருக்கும் முதலாளிக்கும் மட்டுமே தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஆடி மாதத்தில், விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போக ஆரம்பித்தார். கேட்டவர்களிடம் மறைக்கவும் இல்லை. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகராட்சியின் ஐந்து மணிச் சங்குக்குச் சிவகாசியில் ஏறி, பொழுது சாய்வதற்குள் கன்னியாகுமரிக் கடலைப் பார்த்துவிட வேண்டும், அதற்குத்தான் பழகுகிறேன் என்றார். நூற்றுப் பத்து மைலாவது இருக்கும். பந்தயமா என்று கேட்டார்கள். இல்லை என்றார். நேர்த்திக்கடனா என்று கேட்டார்கள். அதுவும் இல்லை. "சும்மாதான். ஒரு நாளைக்குள்ள போய்ச் சேர முடியுதான்னு பாக்கணும்" என்றார். அங்கேதான் தப்பாகப் போயிற்று. எங்கள் ஊரில் சும்மா என்பதை ஒரு காரணமாக யாரும் கேள்விப்பட்டதில்லை. நேர்த்திக்கடன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தேங்காய் பழம் வாங்கிக் கொடுத்து வழியனுப்பியிருப்பார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். மேஸ்திரி சாத்தூர் ரோட்டுக் கம்பெனி வாசலில் நிற்பதை ஒரு லாரி டிரைவர் பார்த்திருக்கிறான். அந்தக் கம்பெனி எங்களுக்கு நேர் எதிரி; அடுத்த மழைக்காலத்துக்குள் எங்கள் மருந்து மாதிரி ஒன்று வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தவர்கள். நானும் சைக்கிள் பழக வருகிறேன் என்று சொல்லி மேஸ்திரியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றார். இந்தக் கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எங்கன நிக்காரு, எம்புட்டு நேரம் நிக்காரு, யாரு வந்து பேசுதாகன்னு மணியோட எழுதிக் குடு" என்றார். கடிகாரத்தை மறைத்து வை என்று அவர் சொல்லவில்லை. அது என் சொந்த யோசனை. லேபிள் அறைக்காரன் கையில் கடிகாரம் மினுங்கினால் யார் கொடுத்தது என்று மேஸ்திரி கேட்பாரே என்று பயந்தேன். இதை இங்கே சொல்லிவிடுவது நல்லது, பிறகு பழியை முதலாளிமேல் போட எனக்கே தோன்றிவிடக் கூடாது.

நான் வருகிறேன் என்றதும் மேஸ்திரிக்குச் சந்தோஷம். துணைக்கு ஆள் கிடைத்ததே என்று என் சைக்கிளைக் குப்புறக் கவிழ்த்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, வால்டியூபை மாற்றி, சீட்டை ஒரு விரல்கடை உயர்த்தி வைத்தார். ஏன் அண்ணாச்சி இந்த வேண்டாத வேலை என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். சங்கிலியைக் கையால் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார். "மருந்து ரூமுக்குள்ள இருக்க நேரமெல்லாம் கைய எண்ணி எண்ணில்லா அசைக்கேன். ராத்திரி சோறு திங்கும்போதுகூட அந்த மெதுவு போக மாட்டேங்குது. ஒரு நாளாவது காலு போற வேகத்துக்குப் போய்ப் பாக்கணும்லே." இதைவிட நேராக ஒரு மனிதர் தன் காரணத்தைச் சொல்ல முடியாது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லா சோடித்துத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ரோடு இருந்தால் மிதிக்க வேண்டியதுதானே என்று எண்ணியிருந்த எனக்கு, பழகுவதற்கு ஒரு தடம் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்பது அவரோடு போனபோதுதான் தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் புளியமர நிழலும் நல்ல தாரும் இருந்தன. ஆனால் போகும்போது ஆடிக்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும், திரும்பும்போது அதே காற்று முதுகைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடும். கன்னியாகுமரிப் பாதை தெற்கே போவது, காற்று நாள் முழுக்க வலது விலாவில்தான் அடிக்கும், அதனால் தெற்கு வடக்காக ஓடும் தடம்தான் வேண்டும் என்றார். விருதுநகர் ரோடு வாட்டமாக இருந்தது. ஆனால் லோடு லாரிகள் வெள்ளென ஓடத் தொடங்கிவிடும், வண்டிக்காரர்கள் தூங்க, மாடுகள் தம் இஷ்டத்துக்கு நடு ரோட்டில் வரும். வெம்பக்கோட்டைப் பக்கத்து வண்டிப்பாதையில் கருவேல முள் குத்தி ஒரே காலையில் மூன்று பஞ்சர். கரிசல் தடம் காய்ந்திருந்தால் சிமெண்டுத் தரை போல ஓடும். ஒரு தூறல் விழுந்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பிக்கொண்டு, நம்மைச் சுமந்த சைக்கிளை நாம் சுமக்க வேண்டிவரும். அப்படி ஒரு நாள் முக்கால் மைல் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். எந்தக் கிணற்றில் உப்பில்லாத தண்ணீர், எந்த ஊர் நாய் குரைப்பதோடு விடும், எந்த ஊர் நாய் விரட்டும் என்பதையெல்லாம் அவர் மனதிலேயே குறித்து வைத்திருந்தார். மைல்கல் இல்லாத பாதையில் மிதிகளை எண்ணுவார். உதடு அசைந்துகொண்டே இருக்கும். மருந்து அளவைத்தான் யாரிடமோ ஒப்பிக்கப் பழகுகிறார் என்று நான் பக்கத்தில் ஒட்டிப்போய்க் காதைக் கொடுத்துப் பார்த்தேன். எண்ணூற்று நாற்பது, எண்ணூற்று நாற்பத்தொன்று என்று போய்க்கொண்டிருந்தது.

சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை. சைக்கிளுக்கு வேட்டி தோதுப்படாது என்று மேஸ்திரி காக்கியில் ஒரு அரைக்கால் சட்டை தைத்துப் போட்டிருந்தார். வீடுகளில் குச்சி அடுக்கிக் கொடுக்கிற ஊர்களில் காக்கி என்றால் தீப்பெட்டி வரி பார்க்க வருகிற ஆள். தெருமுனையில் காக்கி தெரிந்ததும் முதல் வீட்டில் ஒரு இருமல், அடுத்த வீட்டில் ஒரு இருமல். நாங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் குச்சி அடுக்கும் மரச்சட்டங்கள்மேல் சாக்கும் சேலையும் விழுந்துவிடும். மல்லாங்கிணற்றுப் பக்கம் ஒரு நிலக்காரர் ஹேண்டில்பாரையே பிடித்து நிறுத்திவிட்டார். இந்த ஆள் எண்ணிக்கொண்டே தன் புஞ்சையைச் சுற்றிப் போகிறார், நிலத்தை எடுக்க அளக்கிறார்கள் என்பது அவர் கட்சி. சைக்கிள் பழகுகிறோம் என்று மேஸ்திரி சொன்னதற்கு, "இந்த வயசுல இனிமேயா பழகப் போறீக?" என்று அவரையே பார்த்துக் கேட்டார். இத்தனை பேருக்குச் சந்தேகம் வருகிறதென்றால் ஆளிடம் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்த தடம் இது. காலை ஐந்து மணிக்கு முன்பே சாத்தூர் ரோடு தொடங்கும் இடத்துக்கு வந்து, ஒரு காலை ஊன்றி நிற்பார். நகராட்சிச் சங்கு ஊதிய பிறகுதான் மிதிப்பார். ஒரு மைல் போனதும் தெற்கே திரும்பி, நாலைந்து கிராமங்களைச் சுற்றிக்கொண்டு, மறுபடி சாத்தூர் ரோட்டில் வந்து ஏறுவார். ஏறுகிற இடம் எதிர்க் கம்பெனியின் வாசல். நேராகப் போனால் அது ஊரிலிருந்து நாலு மைல்தான். இவர் பன்னிரண்டு மைல் சுற்றிக்கொண்டு போய் அங்கே நின்றார். ஆறு மணிக்கு அந்தக் கம்பெனிச் சங்கு ஊதும் வரை நிற்பார், வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்பார், பிறகு திரும்புவார். சீக்கிரம் வந்து சேர்ந்துவிட்டால் மறுநாள் இன்னொரு ஊரைச் சேர்த்துச் சுற்றை நீட்டுவார். எத்தனை நீட்டினாலும் வந்து முடிகிற இடம் அதே வாசல். பின்னால் யாராவது வந்தால் தடம் தெரியாமல் போகட்டும் என்றுதான் இவ்வளவு சுற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. நான் கொஞ்சம் பின்தங்கி, சங்கிலி கழன்ற மாதிரி குனிந்து, மடியை விலக்கிப் பார்ப்பேன். சட்டை மறைவின் இருட்டில் ரேடியம் முள் மினுங்கும். ஐந்து ஐம்பத்திரண்டு, வாசல். ஆறு மூன்று, திரும்பினார். கழிவு லேபிளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சங்கு ஊதாது. அன்றைக்கு நீளப் போவோம். ஒரு ஞாயிறு விருதுநகர் தாண்டி, மல்லாங்கிணறு வழியாகக் காரியாபட்டி வரை போனோம். அருமையான தடம். ரோட்டில் வண்டி இல்லை, காற்று அவர் கேட்ட மாதிரி விலாவிலேயே அடித்தது, வழியில் இரண்டு இடத்தில் நல்ல தண்ணீர். ஆனால் மேஸ்திரிக்கு மனம் நிற்கவில்லை. நிமிர்ந்து நிமிர்ந்து கிழக்கே பார்த்தார். "மணி என்ன இருக்கும் தம்பி?" என்றார். மடியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் டிக் டிக் என் வயிற்றில் படுகிறது. நான் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏழு இருக்கும்னு நினைக்கேன் அண்ணாச்சி என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். அன்றைக்கு ஆறேழு தடவையாவது கேட்டிருப்பார். காரியாபட்டியில் டீ குடிக்கும்போது, "நல்ல தடந்தான். ஆனா இங்கன ஓட்டி என்ன புண்ணியம்? எம்புட்டு நேரத்துல வந்தோம்னு தெரியலையே" என்று சலித்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. இவருக்கு எவனோடோ நேரம் குறித்த சந்திப்பு இருக்கிறது, அதுதான் இப்படி மணி மணி என்று அடித்துக்கொள்கிறார் என்று அன்றிரவு எழுதினேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. விழுந்ததை நான் வேறு மாதிரி எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம் நான் காத்திருந்தது நடந்தது. எதிர்க் கம்பெனி வாசலில் மேஸ்திரி நிற்கும்போது உள்ளேயிருந்து தோளில் துண்டோடு ஒருவர் வந்தார். அந்தக் கம்பெனியின் மானேஜர். எனக்கு முகம் தெரியும். நான் ஒரு பாலத்துக் கட்டைக்கு இந்தப் பக்கம் இருந்தேன், பேச்சுக் கேட்கவில்லை. மானேஜர் கையை நீட்டி நீட்டிப் பேசினார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். திரும்பி வந்தவரிடம் அது யார் என்று கேட்டேன். ஒண்ணுமில்ல விடு என்று சொல்லிவிட்டு ஊரைப் பார்த்து வேகமாக மிதித்தார். மறுநாளிலிருந்து வாசலில் நிற்காமல் நூறு கெஜம் தள்ளி, ஒரு உடைமரத்து மறைவில் நின்று சங்கைக் கேட்டார். பேரம் முடிந்துவிட்டது, இனி ஆள் மறைவாகத்தான் நிற்பார் என்று எழுதி, அதுவரை எழுதிய லேபிள்களையெல்லாம் நூலில் கோத்து முதலாளியிடம் கொடுத்தேன்.

பயணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், முதலாளி எல்லோரையும் வைத்துக்கொண்டு மேஸ்திரியை ஆபீஸ் வாசலுக்கு அழைத்தார். மர அகப்பையும் அவருடைய பழைய துண்டும் ஏற்கெனவே வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. மருந்து அறையில் புதுப் பூட்டு. அதுநாள்வரை அவரை வாங்க, போங்க என்று பேசிய முதலாளி அன்றைக்கு நீ என்றார். சாத்தூர் ரோட்டில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார். மேஸ்திரிக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும், சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்ற முகத்தோடுதான் சொன்னார்.

"சங்கு கேக்கத்தான் மொதலாளி நின்னேன். எங்கிட்ட மணி பாக்க ஒண்ணும் கிடையாது. அஞ்சு மணிச் சங்குக்கு ஊர்ல ஏறுவேன், ஆறு மணிச் சங்குக்கு அங்கன வந்து நிப்பேன். நடுவுல எம்புட்டு மைல் வந்துச்சுன்னு பாத்தா நம்ம வேகம் தெரிஞ்சிரும். காத்துல தூரத்துச் சங்கு கேக்காது, அதான் கிட்டப் போய் நின்னேன். நம்ம கம்பெனிச் சங்கு ஏழுக்குல்லா, அந்நேரம் நான் வேலையில இருக்கணுமே."

யாரோ சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். "எதிராளி சங்குதான் ஒனக்கு இனிக்குதாக்கும்" என்று சொல்லிவிட்டு, நூலில் கோத்த லேபிள்களைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வந்து நின்றது, ஆறு மூன்றுக்குத் திரும்பியது, ஐந்து நாற்பத்தொன்பது, ஆறு இரண்டு. மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து தாள் போனதும் அவர் நெற்றி சுருங்கியது. முதலாளியை விட்டுவிட்டு மெல்லத் திரும்பினார், மருந்து அறைக்குள் திரும்புவாரே, அந்த மெதுவில். என்னைப் பார்த்தார்.

"ஒங்கிட்ட கடிகாரம் இருந்துச்சா தம்பி?"

அவ்வளவுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. என் மடியிலிருந்த மணியை நான் சொல்லியிருந்தால் அவருக்குச் சங்கு வேண்டாம். சங்கு வேண்டாமென்றால் அந்த வாசல் வேண்டாம். காரியாபட்டித் தடத்திலேயே சந்தோஷமாக ஓட்டியிருப்பார். அவரை அந்த வாசலிலேயே தொடர்ந்து நிற்க வைத்தது, நின்றதை மணியோடு எழுதியது, இரண்டும் நான்தான். வாயைத் திறந்து, ஆமாம் முதலாளி, இவர் என்னிடம் மணி கேட்டுக்கொண்டேதான் இருந்தார், நான்தான் மறைத்தேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் புதுப் பூட்டைக் கழற்றியிருப்பார்கள். முதலாளி முரடர்தான், ஆனால் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிற மனிதர். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனை பேர் நடுவில் என்னைக் கோமாளி ஆக்கிவிடுவார்கள் என்று தோன்றியது. கையில் வைத்திருந்த லேபிள் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி அகப்பையைக் கையில் எடுத்தார், எதற்கென்று யோசித்தது போல மறுபடி கீழே வைத்தார், துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன், நான் குடியிருந்த ஒற்றை அறையின் கதவை யாரோ தட்டினார்கள். இரண்டே தட்டு. குரல் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"தம்பி, எந்திரி. சங்கு ஊதப் போகுது. அந்தக் கடிகாரத்த எடுத்துக்கிட்டு வா. வழியில மணி சொல்ல ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும்." பிறகு, "கோவமெல்லாம் ஒண்ணுமில்லலே, வா" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. வேலையைப் பறிகொடுத்த ஒரு ஆள், பறித்தவனை விடியலுக்கு முன் கூப்பிடுகிறான், எதற்கு? சாத்தூர் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடு. ஒரு பாலத்துக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனால் கேட்க நாதியில்லை. மருந்து தெரிந்த கை வேறு. இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, தூங்குகிறவன் மாதிரிக் கிடந்தேன். தலையணைக்கு அடியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கதவுக்கு வெளியே கேட்டுவிடுமோ என்று அதன்மேல் கையை வைத்து அமுக்கினேன். ஐந்து மணிச் சங்கு ஊதியது. அது ஓய்வதற்குள் சைக்கிள் நகரும் ஓசை கேட்டது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் அந்தப் பழைய துண்டு, கேரியரில் இரண்டு கட்டுச்சோற்றுப் பொட்டலம். ஒரு ஆளுக்கு இரண்டு வேளைச் சோறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் திரும்பி எங்கள் ஊருக்கு வேலைக்கு வரவில்லை. பத்து நாளில் அவர் மனைவி பிள்ளைகளையும் பண்டபாத்திரங்களையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். முதலாளி கடிகாரத்தை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஐப்பசி மழையில் எங்கள் குச்சியும் நமுத்தது. எதிர்க் கம்பெனிக் குச்சியும் எப்போதும் போல நமுத்தது. தை மாதத்தில் ஒரு சைக்கிள் கடையில் அந்தக் கம்பெனி வாட்ச்மேனைப் பார்த்தேன். தினமும் வந்து ஆறு ஆயிட்டா என்று கேட்பாரே ஒரு அண்ணாச்சி, அவர் எங்கே என்று அவரே விசாரித்தார். அன்றைக்கு மானேஜர் என்ன பேசினார் என்று கேட்டேன். நீ எந்தக் கம்பெனி உளவாளி, இனி இந்த வாசலில் நின்றால் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று விரட்டினாராம். எங்களுக்கு மேஸ்திரி எதிர்க் கம்பெனி ஆள், அவர்களுக்கு அவர் எங்கள் ஆள். பிறகு அவர்களிடம் போய் வேலை கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறார் என்று சில வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிதாக, அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க வேண்டியிருந்தது. ஒரு தடவை பஸ் நிலையம் வரை போனேன். இவன் இப்போது யார் அனுப்பி வந்திருக்கிறான் என்று அவர் நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. நான் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். திரும்பி வந்துவிட்டேன். இப்போது யோசித்தால், அவர் அப்படி நினைக்கிற ஆளே இல்லை.

இப்போதெல்லாம் விடியலில் ஆட்களை ஏற்றிப் போகக் கம்பெனி வேன்கள்தான் ஹார்ன் அடித்துக்கொண்டு வருகின்றன. சங்கு கேட்டு நாளாயிற்று. நேரம் பார்க்க எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் ஐந்து மணிக்கு எழுந்து, இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ரேடியம் மங்கிவிட்டது, விளக்குப் போட்டால்தான் முள் தெரிகிறது. மணிக்குப் பன்னிரண்டு மைல் என்று வைத்துக்கொண்டு, சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று மனதுக்குள் அவரைக் கொண்டுபோகிறேன். திருநெல்வேலியில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒரு பொட்டலத்தைப் பிரிக்கிறார். நாங்குநேரிக்கு அப்பால் எனக்குப் பிடிபடுவதில்லை. காற்று ஏறியிருக்குமா, கால் சோர்ந்திருக்குமா, பொழுது முந்திக்கொண்டதா, அவர் முந்திக்கொண்டாரா என்று சொல்ல, அன்றைக்கு அவரோடு மணி பார்த்துக்கொண்டு போன ஆள் யாரும் இல்லை. கதவைத் தட்டிக் கூப்பிட்டார். கடிகாரம் என் கைக்கு அடியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.